விலாவைக் கட்டிப் போடாதே தங்கச்சி!

தங்கச்சி, முதல்ல கையைக் கழுத்துக்குக் கீழ வை. ரெண்டு காறை எலும்பும் வந்து சேர்ற இடத்துல ஒரு குழி தட்டுப்படுதா? அங்கேருந்து விரலை நேரா கீழ இறக்கு. மூணு விரல் அகலம் போறதுக்குள்ள குறுக்கா ஒரு மேடு இடறும். அந்த மேட்டுலேருந்து பக்கவாட்டுல நகர்ந்தா நீ தொடுறது ரெண்டாவது விலா. முதல் விலா காறை எலும்புக்கு அடியில பதுங்கிக் கிடக்கும், அதைத் தேடிக்கிட்டு இருக்காதே. ரெண்டுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா கீழ எண்ணிக்கிட்டே வா. ஈசிஜி எடுக்கிறப்போ நெஞ்சுல வயர் ஒட்டுறாங்களே, அவங்களும் இந்த மேட்டைத் தொட்டுத்தான் கணக்குப் போடுறாங்க.

பக்கத்துக்கு பன்னிரண்டு, மொத்தம் இருபத்துநாலு. ஆம்பளைக்கும் அதே கணக்குதான். ஆதாமோட விலாவை எடுத்துத்தான் ஏவாளைப் படைச்சாங்க, அதனால ஆம்பளைக்கு ஒண்ணு குறையும்னு இன்னும் சொல்றவங்க உண்டு. பிணத்தை அறுத்துப் பார்த்து எண்ணிக்கை ஒண்ணுதான்னு வெசாலியஸ் 1543-லயே புத்தகத்துல எழுதிட்டார். இதெல்லாம் இங்கிலீஷ்ல படிச்சவங்க சமாச்சாரம்னு ஒதுங்காதே. யாழ்ப்பாணத்துல சாமுவேல் கிரீன்னு ஒரு அமெரிக்க மிஷன் டாக்டர் 1847-ல வந்து இறங்கினார். உடற்கூறு புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, மானிப்பாய்ல நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ்லயே வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். போடி பக்கத்துச் சிலமலையில உக்காந்து நாம தமிழ்ல விலாவை எண்ணுறது ஒண்ணும் புதுசு இல்லை.

மேலேருந்து ஏழு ஜோடி விலா, ஒவ்வொண்ணும் தனித்தனி குருத்தெலும்பு மூலமா நடு நெஞ்செலும்புல வந்து ஒட்டும். எட்டு, ஒன்பது, பத்து மூணும் நேரா வராது. தனக்கு மேல இருக்கிற குருத்தெலும்போட சேர்ந்துக்கும். கடைசி ரெண்டும் முன்னால எங்கயும் ஒட்டாம முதுகுப்பக்கத்தோட நின்னுபோகும். இடுப்புக்கு மேல அள்ளையில கையை வைச்சு அழுத்தினா பதினொண்ணாவதோட நுனி பலபேருக்குக் கையில படும்.

நெஞ்செலும்போட கீழ்நுனியில, நெஞ்சுக்குழிக்கு மேல, சின்னதா கெட்டியா ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கும். உடம்பு இளைச்ச பிறகு குளிக்கிறப்போ இது முதல்முறையா கையில தட்டுப்பட்டு, "கட்டி வந்துடுச்சுக்கா"ன்னு கண் கலங்கி வந்தவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். அது கட்டி இல்லை, நெஞ்செலும்போட வால். எல்லாருக்கும் உண்டு. நாளுக்கு நாள் பெருசானாலோ, புதுசா வலிச்சாலோ மட்டும் காட்டு.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். விலாக்கூட்டை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போட்ட வேலின்னு மட்டும் நினைக்காதே. அது ராத்திரி பகலா அசைஞ்சுக்கிட்டே இருக்கிற ஒண்ணு. ரெண்டு உள்ளங்கையையும் கீழ் விலா மேல பக்கவாட்டுல வைச்சு மூச்சை இழு. கை ரெண்டும் விலகிப் போகுதா? வாளியோட பிடியைத் தூக்கினா அது எப்படி வெளிப்பக்கமா எழும்புமோ, அப்படித்தான் கீழ் விலாக்கள் எழும்பி விரியுது. மேல் விலாக்கள் நெஞ்செலும்பை முன்னால தூக்குது. அடியில உதரவிதானம்னு ஒரு தசைத்தட்டு கீழ இறங்கி இடம் விடுது. சும்மா உக்காந்திருக்கிறப்போ மூச்சு விடுறதுல பெரும்பங்கு அதோட வேலைதான். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12-லேருந்து 20 மூச்சு. ஒரு நாளைக்குப் பதினேழாயிரம் தடவைக்குக் குறையாம இந்தக் கூடு விரிஞ்சு சுருங்குது. கை ஒடிஞ்சா தொட்டில் கட்டி ஓய்வு கொடுக்கலாம். விலாவுக்கு அந்த ஓய்வைக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

நம்ம ஊர்ப் பிழைப்புல இந்தக் கூட்டுக்கு எங்கெங்க அடி விழுதுன்னு யோசிச்சுப் பாரு. விடியறதுக்கு முன்னாலயே சிலமலை, ராசிங்காபுரம் பக்கமிருந்து ஜீப் கிளம்புது. போடி, முந்தல் தாண்டி பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியா பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம். பின்னால எதிரெதிர் பெஞ்சுல நெருக்கியடிச்சு உக்காந்திருப்போம். ஒவ்வொரு வளைவுக்கும் ஆளே ஒரு பக்கமா சாய்ஞ்சு, ஓரத்துல இருக்கிறவ அள்ளை இரும்புக் கம்பியில போய் இடிக்கும். கூட்டம் ஜாஸ்தியா இருக்கிற ஜீப்புல ஏறாதேன்னு நான் சொல்றது சுலபம். அன்னிக்குக் கூலி போச்சுன்னா நானா தரப்போறேன்? அதனால ஏறினபிறகு செய்யக்கூடியதைச் சொல்றேன். தூக்குவாளியை மடியில வைச்சு வயித்தோட அணைச்சுக்காதே, காலடியில வை. அரிவாள், கத்தி எதுவும் இடுப்புல செருகியிருக்கக் கூடாது. ஓரத்துல உக்காந்தா கம்பிக்கும் அள்ளைக்கும் நடுவுல மழைக்குக் கொண்டுபோற படுதாவையோ கம்பளிச் சட்டையையோ மடிச்சு வைச்சுக்கோ. வயசானவங்களை ஓரத்துல உக்கார விடாதே. வயசு ஏற ஏற குருத்தெலும்பு இறுகிப்போகும், எலும்பும் மெலிஞ்சுபோகும். உனக்கு வெறும் கன்னிப்போற அடி, அம்மாச்சிக்கு முறிவு. பலமா இருமினதுக்கே விலா விட்டுப்போன கிழவிகள் உண்டு.

தோட்டத்துல வேற கதை. ஏலக்காய் செடியோட காலடியில, சரத்துல காய்க்குது. ஆடி ஆவணியில ஆரம்பிச்சா தை மாசம் வரைக்கும் சுத்து சுத்தா காய் எடுப்பு. நாள் பூரா குனிஞ்சு, குந்தி, மடங்கிக் கிடக்கிற உடம்புல வயிறு மேல தள்ளும், உதரவிதானம் கீழ இறங்க இடம் இருக்காது. மூச்சு மேலோட்டமா ஓடும். மத்தியானத்துக்குள்ள முதுகு கடுப்பும் சோர்வும் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். ஒரு தூர் முடிச்சு அடுத்த தூருக்குப் போறப்போ நிமிர்ந்து நில்லு. கை ரெண்டையும் இடுப்புல வைச்சு, கீழ் விலா விரியுற அளவுக்கு நாலஞ்சு மூச்சு இழுத்து விடு. கங்காணி பார்த்தா பார்க்கட்டும், அரை நிமிஷ வேலை. காய் போடுற பையை இடுப்பெலும்பு மேல கட்டு. விலாவுக்கு அடியில வயித்தை இறுக்கிக் கட்டாதே. ஜாக்கெட்டு, உள்பாடி விஷயத்துலயும் இதுதான். உள்பாடியில 32, 34-னு போட்டிருக்கிற நம்பர், மார்புக்குக் கீழ விலாக்கூட்டைச் சுத்தி எடுக்கிற அளவை வைச்சு வர்றது. சாயங்காலம் கழட்டுறப்போ சிவந்து தடம் பதிஞ்சிருந்தா அது உன் அளவு இல்லை. வெக்கப்படாம டேப்பு வைச்சு அளந்து வாங்கு.

அடிபட்டா என்ன செய்யணும்? இதுலதான் நம்ம பக்கம் நடக்கிற தப்பு அதிகம். ஜீப்புல இடிச்சவங்க மட்டுமில்லை. தென்னையில ஏறினவங்க, இலவங்காய் தட்ட ஏறினவங்க, தோட்டத்துல நிழல் மரம் கவாத்து பண்றவங்கன்னு விலாவில அடியோட வர்ற ஆளுக்குப் பஞ்சமில்லை. உடனே வீட்டுல ரெண்டு காரியம் நடக்கும். ஒருத்தர் எண்ணெய் காய்ச்சி உருவி விடுவாங்க. இன்னொருத்தர் நீளத்துண்டால நெஞ்சைச் சுத்தி இறுக்கிக் கட்டுவாங்க. ரெண்டும் வேண்டாம்.

எங்க தெரு மதினி ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு. கம்பியில இடிச்சுக்கிட்டு வந்தவளுக்கு, அண்ணனோட ஈரிழைத் துண்டை ரெண்டு சுத்துச் சுத்தி, முடிச்சை அள்ளையில போட்டு, அதுக்குள்ள ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு இறுக்கியிருந்தாங்க. "வலிக்கு நல்லா கேட்குது"ன்னா. கேட்கத்தான் செய்யும், அசைவே இல்லையே. நாலாம் நாள் காய்ச்சல். மூச்சு நாய்க்கு இரைக்கிற மாதிரி இரைக்க ஆரம்பிச்சது. துண்டை அவிழ்த்தா அடிபட்ட பக்கம் நெஞ்சு எழும்பவே இல்லை. நுரையீரலோட அடிப்பாகம் விரியாம கிடந்து, சளி தேங்கி, நிமோனியா. விலா தானா கூடியிருக்கும். கட்டின கட்டுதான் அவளை ஆஸ்பத்திரியில படுக்க வைச்சது. முன்னெல்லாம் டாக்டர்களே நெஞ்சைச் சுத்தி பிளாஸ்திரி ஒட்டினவங்கதான். நிமோனியா வருதுன்னு தெரிஞ்சபிறகு விட்டுட்டாங்க. நம்ம வீடுகள்லதான் இன்னும் விடலை.

சாதாரணமா ஒண்ணு ரெண்டு விலா விட்டிருந்தா அதுக்கு மாவுக்கட்டு கிடையாது. ஆறு வாரம் போல ஆகும், தானா கூடும். வலி சிலபேருக்கு மூணு மாசம் வரைக்கும் இழுக்கும். அதுவரைக்கும் உன் வேலை ஒண்ணே ஒண்ணு: ஆழமா மூச்சு விடுறது. டாக்டர் கொடுக்கிற வலி மாத்திரையை, "மாத்திரை உடம்புக்கு ஆகாது"ன்னு பதுக்கி வைக்காதே. வலி குறைஞ்சாத்தான் மூச்சு உள்ள போகும், அதுக்குத்தான் அந்த மாத்திரை. முழிச்சிருக்கிறப்போ மணிக்கு ஒருதடவை பத்து மூச்சு, மெதுவா, நிறைய. சளியை அடக்காதே. தலையணையை அடிபட்ட இடத்துல அணைச்சு லேசா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமித் துப்பு. ராத்திரி மல்லாக்கப் படுக்க முடியாது. சுவத்துல ரெண்டு தலையணை சாய்ச்சு, பாதி உக்காந்த மாதிரி தூங்கு. படுத்தே கிடக்காம வீட்டுக்குள்ள நட. பீடி, சுருட்டுப் பழக்கம் இருக்கிற ஆம்பளைங்ககிட்டேருந்து இந்த ஆறு வாரமாவது அதை ஒளிச்சு வை.

எக்ஸ்ரேயைப் பத்தியும் ஒரு வார்த்தை. சின்ன முறிவு முதல் நாள் படத்துல தெரியாமலே போகலாம். குருத்தெலும்புல விட்டிருந்தா சாதாரண எக்ஸ்ரேல தெரியவே தெரியாது. "படத்துல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, இவ நடிக்கிறா"ன்னு எந்த மாமியாராவது பேசினா இந்தப் பக்கத்தைக் காட்டு. எக்ஸ்ரே எடுக்கிறதே விலா ஒடிஞ்சிருக்கான்னு பார்க்க மட்டுமில்லை. ஒடிஞ்ச நுனி நுரையீரலைக் குத்தி காத்தோ ரத்தமோ கசிஞ்சிருக்கான்னு பார்க்கத்தான் முக்கியமா.

வீட்டுல வைச்சுப் பார்க்கவே கூடாத அடியும் உண்டு. மூச்சுத் திணறினா, சளியில ரத்தம் வந்தா, மூச்சு இழுக்கிறப்போ நெஞ்சுல ஒரு துண்டு மட்டும் வெளிய வராம உள்ள போனா, உடனே 108. கீழ் விலாவில அடின்னா ரெண்டு மடங்கு கவனம், ஏன்னா அந்த விலாக்களுக்குப் பின்னால இருக்கிறது வயித்து உறுப்புகள். இடப்பக்கம் ஒன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும் மண்ணீரல், வலப்பக்கம் கல்லீரல், பின்னால சிறுநீரகம். இடது அள்ளையில அடிபட்டவங்க, தோள்ல அடியே படாம இடது தோள்பட்டை வலிக்குதுன்னு சொன்னா, அது மண்ணீரல்லேருந்து ரத்தம் கசியுறதோட அடையாளமா இருக்கலாம். தலைசுத்தல், முகம் வெளுத்துப்போறது, வயிறு இறுகுறது, மூத்திரத்துல ரத்தம், இதுல எதுவும் காத்திருக்கிற விஷயம் இல்லை. அடிபட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சும் வரலாம். முதல்ல போடி அரசு ஆஸ்பத்திரி, அவங்க சொன்னா க.விலக்கு மெடிக்கல் காலேஜ். வழியில சுளுக்கு எடுக்கிறவங்க வீட்டுல வண்டியை நிறுத்தாதே.

அடியே இல்லாம அள்ளையில குத்தினா நாம வைக்கிற பேரு மூச்சுப்பிடிப்பு. முக்கால்வாசி நேரம் அது சரிதான். விலாவுக்கும் விலாவுக்கும் நடுவுல இருக்கிற தசை, சாக்கு தூக்கின வேகத்துல பிடிச்சுக்கும். விரலை வைச்சா "இந்தா, இங்கதான்"னு சொல்ல முடியும், திரும்பினா வலி கூடும். நெஞ்செலும்புக்குப் பக்கத்துல, குருத்தெலும்பு சேர்ற இடத்துல வீங்கி வலிக்கிறதும் உண்டு. அதுவும் பெரும்பாலும் தானா ஆறும். ஒத்தடம் கொடு, ரெண்டு நாள் பாரு. ஆனா நாப்பதைத் தாண்டினவ, சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறவ, நெஞ்சுல பாரம் வைச்ச மாதிரி இருக்கு, வேர்க்குது, தாடையும் கையும் இழுக்குது, வாந்தி வருதுன்னு சொன்னா, "வாயு, சோடா குடி"ன்னு மட்டும் சொல்லிடாதே. அழுத்தினா வலிக்குது, அதனால இதயம் இல்லைன்னு வீட்டுல முடிவு கட்டவும் வேண்டாம். ஈசிஜி எடுக்க ஆகிற நேரம் கொஞ்சம்தான்.

இன்னொரு குத்தல் இருக்கு. ஒரு பக்கம் மட்டும், முதுகுலேருந்து நெஞ்சுக்குச் சுத்தி வர்ற மாதிரி எரியும், சேலை பட்டாலே கூசும். ரெண்டு மூணு நாள் கழிச்சு அதே பாதையில கொப்புளம் போடும். அக்கி. ஒவ்வொரு விலாவோட கீழ் ஓரத்துலயும் ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளம், அதுல நரம்பும் ரத்தக்குழாயும் ஒட்டிக்கிட்டு ஓடும். சின்ன வயசுல வந்த சின்னம்மையோட கிருமி அந்த நரம்போட வேர்ல பல வருஷம் தூங்கிக் கிடந்து எழும்புது. நரம்பு போற பாதையிலதான் கொப்புளமும் போகும், நெஞ்சோட நடுக்கோட்டைத் தாண்டாது. குயவர் வீட்டுல போய்க் காவியால அக்கி எழுதிக்கிறது நம்ம வழக்கம். எழுதிக்கோ, நான் தடுக்கலை. ஆனா கொப்புளம் பார்த்த மூணு நாளைக்குள்ள டாக்டர்கிட்டயும் போயிடு. மருந்து நல்லா வேலை செய்யுற காலம் அதுதான். விட்டுட்டா கொப்புளம் காய்ஞ்சபிறகும் வயசானவங்களுக்கு மாசக்கணக்குல எரிச்சல் நிக்கும்.

கைப்பிள்ளை வைச்சிருக்கிறவங்க இதைக் கவனமா படிங்க. சளி பிடிச்ச பிள்ளைக்கு நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறோம், சட்டையைத் தூக்கிப் பார்க்கிறதில்லை. தூக்கிப் பாரு. குழந்தையோட விலா படுக்கைவசமா, மெத்துன்னு இருக்கும். அதனால அது வயித்தால மூச்சு விடும், வயிறு ஏறி இறங்குறது இயல்பு. ஆனா மூச்சு இழுக்கிற ஒவ்வொரு தடவையும் விலாக்கூட்டோட கீழ்ப்பகுதி உள்ள குழி விழுந்தா, அது நிமோனியாவோட அடையாளமா இருக்கலாம். பிள்ளை அழாம, பால் குடிக்காம இருக்கிற நேரமா பார்த்து, செல்போன்ல கடிகாரத்தை வைச்சு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணு. ரெண்டு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60-ம் அதுக்கு மேலயும், ரெண்டு மாசத்துலேருந்து ஒரு வயசு வரைக்கும் 50-ம் அதுக்கு மேலயும், ஒண்ணுலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40-ம் அதுக்கு மேலயும் இருந்தா வேகமான மூச்சு. குழி விழுந்தாலும் சரி, எண்ணிக்கை கூடினாலும் சரி, அன்னிக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சுல சூடு போடுறது, மூக்குல எண்ணெய் விடுறது, மந்தம்னு மருந்து ஊத்துறது எதுவும் கூடாது.

மாசமா இருக்கிற தங்கச்சிக்கு: வயிறு பெருக்க பெருக்க விலாக்கூடே அகலமா விரியும். ஏழு, எட்டு மாசத்துல பிள்ளை உதைக்கிற உதையில விலாவுக்கு அடியில வலிக்கும். இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படு, உக்காந்தா முதுகுக்குத் தலையணை வை. ஆனா வலது விலாவுக்கு அடியில விடாத வலி, கூடவே தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம்னா அது பிள்ளை உதை இல்லை. பிரஷர் ஏறி கல்லீரலைத் தொந்தரவு பண்ணுறதா இருக்கலாம். ராத்திரியா இருந்தாலும் விடியட்டும்னு உக்காராதே.

கடைசியா, ஜீப்புலயோ தோட்டத்துலயோ கூட வந்தவங்க திடீர்னு சுருண்டு விழுந்து, கூப்பிட்டாலும் அசைவில்லாம, மூச்சும் இல்லாம கிடந்தா, ஒருத்தர் 108-க்குப் போன் போடணும். நீ அவங்களைக் கெட்டியான தரையில மல்லாக்கப் படுக்க வைச்சு, நெஞ்செலும்போட கீழ்ப்பாதியில, ரெண்டு மார்புக்கும் நடுவுல, உள்ளங்கை அடியை வை, மேல இன்னொரு கையைக் கோத்துக்கோ. நான் முதல்ல சொன்ன அந்த வால் நுனியில அழுத்தக் கூடாது. முழங்கையை மடக்காம அஞ்சு சென்டிமீட்டருக்குக் குறையாம கீழ போற மாதிரி, நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 வரை வேகமா அழுத்து. ஒவ்வொரு அழுத்துக்கும் நெஞ்சு முழுசா மேல வர விடு. விலா படக்குனு விடுற சத்தம் கேட்கலாம். கையை எடுக்காதே, இடத்தைச் சரிபார்த்துட்டு மறுபடி அழுத்து. ஒடிஞ்ச விலா ஆறு வாரத்துல கூடிடும். கை ஓய்ஞ்சா பக்கத்துல நிக்கிறவங்களை மாத்திவிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் செய்யுங்க.